வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங்: நெல்லை வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் 18 வருஷமாக அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். வண்டி லிஃப்டில் ஏறி நிற்கும்போது பக்கத்தில் நின்று ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை நடக்கிற சத்தத்தில் பாதிதான் பதில் சொல்ல முடிகிறது. விட்டுப்போன மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். காரைப் பற்றித்தான் அதிகம். லோடு வண்டிக்கும் பைக்குக்கும் கடைசியில் தனியாக உண்டு.

அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் ஒன்றுதானே?

வேறு வேறு. சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது அலைன்மென்ட். இதைச் சக்கரம் வண்டியில் பூட்டியிருக்கும்போது பார்ப்பார்கள். டயரும் ரிம்மும் சேர்ந்த ஒரு சக்கரத்தில் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது பேலன்சிங். இதற்குச் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிட வேண்டும்.

வண்டி ஒரு பக்கமாகப் போனாலும் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலும் அலைன்மென்ட்டைச் சந்தேகப்படுங்கள். குறிப்பிட்ட வேகம் வந்ததும் நடுக்கம் எடுத்தால் பேலன்சிங்கைச் சந்தேகப்படுங்கள். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். இந்த இரண்டு அறிகுறிக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். அதைத்தான் அடுத்து சொல்லப்போகிறேன்.

வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. அலைன்மென்ட் போயிருக்குமா?

"அண்ணாச்சி, இடப்பக்கமா இழுக்கு, அலைன்மென்ட் பாத்திருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சாவியை நீட்டுவார்கள். நான் முதலில் காற்று மானியைத்தான் எடுப்பேன். முன் இடது டயரில் 26 பி.எஸ்.ஐ., வலது டயரில் 33 என்று இருந்தால், காற்று குறைந்த பக்கம்தான் வண்டி போகும். இரண்டையும் சமமாக நிரப்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலே பலருக்கு வந்த காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது சாலை. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் பார்த்துச் சரிவாகத்தான் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் ஸ்டீயரிங்கில் பிடியைத் தளர்த்தினால் வண்டி மெதுவாக இடது பக்கம் நகர்வது இயல்பு. அது கோளாறு ஆகாது. வண்டி நடமாட்டம் இல்லாத சமதளமான இடத்தில், கையை முழுக்க எடுக்காமல் விரலை மட்டும் தளர்த்திப் பாருங்கள். ஒரே இடத்தில் போகும்போதும் வரும்போதும், இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் அது வண்டியின் குறை.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: காற்று. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு நோக்கிப் போகும்போது அந்தக் காற்று வலது பக்கத்தில் இருந்து வந்து வண்டியை இடது பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது வலது பக்கம் தள்ளும். உயரமான வண்டி என்றால் இன்னும் அதிகம். நாகர்கோவில் போய்விட்டு வந்து "போகும்போது ஒரு பக்கம் இழுக்கு, வரும்போது வேற பக்கம் இழுக்கு" என்று குழம்பி நிற்பவர்களிடம், நாங்குநேரிக்கு இந்தப் பக்கம் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

அதற்கும் பிடிபடவில்லை என்றால் டயரையே சந்தேகப்பட வேண்டும். சில டயர்கள் உள்ளே பின்னல் சரியாக அமையாமல், வட்டமாக இருந்தாலும் ஒரு பக்கமாக உருளும். முன் இரண்டு டயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் மட்டும் இப்படி மாற்றக்கூடாது. அது ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர்.

பிரேக்கும் இழுக்கும். 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்து பிரயோஜனம் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் இழுத்தால் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள்.

80-க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் முன் சக்கரத்தின் பேலன்ஸ். ஒரு 14 அங்குல ரிம்மில் 20 கிராம் எடை ஒரு பக்கம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தெருவில் போகும்போது அது தெரியவே தெரியாது. 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு 15 தடவை சுற்றுகிறது. அப்போது அந்த 20 கிராம், கிட்டத்தட்ட 3 கிலோ விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிலைத் தட்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தட்டு நான்கு மடங்காகும். முருகன்குறிச்சியில் தெரியாத நடுக்கம் நாற்கரச் சாலையில் ஏறியதும் தெரிவது அதனால்தான்.

நடுக்கத்தை எங்கே உணர்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஸ்டீயரிங்கில் என்றால் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் என்றால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பேலன்சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். வேகம் கூடக்கூட ஹூம் என்று ஒரு முனகல் சேர்ந்து வந்தால் வீல் பேரிங்.

மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர், நெல் வயல் வைத்திருப்பவர், அறுவடை சமயத்தில் காரை வரப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்தார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்டீயரிங் ஆட்டம். சக்கரத்தைக் கழற்றிச் சுற்றினால் மெஷின் 45 கிராம் காட்டியது. திருப்பிப் பார்த்தேன். ரிம்மின் உள்வளைவில் ஒரு பிடி களிமண் செங்கல் போல இறுகிக் காய்ந்து கிடந்தது, ஓரத்தில் ஒரு வைக்கோல் துண்டுகூட நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன், 5 கிராம். அந்த மண்ணோடு 45 கிராம் வெயிட்டை ஒட்டி அனுப்பியிருந்தால், வழியில் மண் உதிர்ந்ததும் அந்த வெயிட்டே ஆட்டத்துக்குக் காரணமாகியிருக்கும்.

ஒரே சக்கரத்தில் 60, 70 கிராம் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு தேவையா?

சின்னக் காருக்கு அது அதிகம். அவ்வளவு கேட்கிறது என்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பழைய வெயிட்டை எடுக்காமலே அதன்மேல் கணக்குப் போட்டார்களா? ரிம் பெண்டாகி இருக்கிறதா? டயர் ரிம்மில் உட்கார்ந்த இடம் தோதாக இல்லையா?

கடைசியாகச் சொன்னதற்கு வழி இருக்கிறது. புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி இருந்தால், டயரில் எடை குறைந்த இடம் அது. காற்று அடைக்கும் வால்வு இருக்கும் இடத்தில் ரிம் கொஞ்சம் எடை கூடுதல். புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து டயரை ஏற்றினால் இரண்டும் ஈடுகட்டும், வெயிட் குறைவாகவே வேண்டியிருக்கும். புள்ளி அழிந்த டயர் என்றால் காற்றை இறக்கி ரிம்மின் மேலேயே அரைச்சுற்று திருப்பி ஏற்றிப் பார்க்கலாம். கைவேலை கூடுதல்தான், ஆனாலும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பேலன்சிங் ஒழுங்காகச் செய்தார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். மெஷின் பூஜ்யம் காட்டிய பிறகு, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை அந்தத் தண்டின் மேலேயே அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். பூஜ்யமோ 5 கிராமோ காட்டினால் வேலை சுத்தம். 20, 25 என்று காட்டினால் சக்கரம் தண்டில் நடுவாக உட்காரவில்லை, அதை நடுவில் பிடிக்கும் கூம்பு மாறிப்போயிருக்கிறது. முதலில் வந்த பூஜ்யமும் பொய்தான்.

இரும்பு ரிம்முக்கு விளிம்பில் தட்டி மாட்டும் கிளிப் வெயிட், அலாய்க்கு உள்பக்கம் ஒட்டும் வெயிட். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். தூசி மேல் ஒட்டியது முதல் வாட்டர் வாஷிலேயே போய்விடும்.

டோ, கேம்பர், காஸ்டர் என்று மெஷின் தரும் அளவுச் சீட்டில் இருக்கிறதே, என்ன அது?

நேராக நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பினால் டோ-இன், வெளியே விரிந்தால் டோ-அவுட். முன் சக்கரங்களை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான். டயரைத் தின்பதில் இதுதான் முதல். ஒரு சக்கரம் கால் டிகிரி தப்பி நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது. திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் 80 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் சுமார் 350 மீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்காக வைத்து இழுத்த கணக்கு. வண்டிக்காரருக்குக் கையில் ஒன்றுமே தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும். "இழுக்கவே இல்லையே, எனக்கு எதற்கு அலைன்மென்ட்" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. சாய்வு கூடினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் எடையைத் தாங்கித் தேயும்.

காஸ்டரைப் புரிந்துகொள்ள சைக்கிளின் முன் போர்க்கைப் பாருங்கள். அது செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும். சின்ன வயதில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினோமே, அப்போது சக்கரம் தானாக நேராக நின்றதற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். காரில் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதும் பெரும்பாலும் காஸ்டரால்தான். இது டயரை அவ்வளவாகத் தேய்க்காது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் கூடினால் வண்டி இழுக்கும்.

எல்லா அளவும் சரி, பச்சை என்று சீட்டு கொடுத்தார்கள். நம்பலாமா?

மெஷின் அளக்கத்தான் செய்யும். கேமராவும் சக்கரத்தில் மாட்டும் பலகையும் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அளக்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் எண் தப்பாகத்தான் வரும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பலகையை மாட்டியதும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ரிம்மின் கோணலைக் கழித்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரம் நிற்கும் சுழல் தட்டின் பின்னை எடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நீங்கள் பக்கத்தில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம்.

வேலைக்கு முன் எடுத்த அளவு, வேலைக்குப் பின் எடுத்த அளவு என இரண்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன் அளவு இல்லாத சீட்டால் உங்களுக்குப் பயன் இல்லை. எது எவ்வளவு தப்பியிருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை ஒப்பிட முடியும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஓட்டும் சிறிய கார்கள் பலவற்றில் திருகிச் சரிசெய்ய முடிவது முன் சக்கர டோ மட்டும்தான். கேம்பர், காஸ்டர் சிவப்பில் இருந்தால் பெரும்பாலும் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். குழியில் விழுந்து, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். அதை மாற்றாமல் பச்சையாக்க முடியாது.

அலைன்மென்ட் செய்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அதற்குள் டயர் தேய்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படி விட்டிருக்கிறேன். அப்போது வேறொருவர் கடையில் வேலை. ஒரு வாடகை டாக்சி வந்தது. டோ தப்பியிருந்தது, திருப்பி வைத்தேன், எல்லாம் பச்சை, சீட்டையும் கொடுத்து அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து அந்த டிரைவர் வந்து, ஒன்றும் பேசாமல் முன் டயரின் உள்ஓரத்தைக் காட்டினார். உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்தது. புது டயருக்கு அவர் கொடுத்த பணம் ஒரு வாரச் சம்பாத்தியம். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் ராடின் முனை, டை ராடு எண்ட், லொடலொடவென்று ஆடியது. அந்த ஆட்டத்தோடு வைத்த அளவு, லிஃப்டை விட்டு இறங்கிய முதல் வேகத்தடையிலேயே மாறியிருக்கும். அன்றைக்கு நான் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு ஒரு வண்டியைக்கூடச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் மெஷினில் விட்டதில்லை. சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருக்கும்போது, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், டை ராடு எண்டிலும் அந்த ராடின் மறுமுனையான ரேக் எண்டிலும் உள்ள ஆட்டம் தெரியும். 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால், லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் தெரியும். இரண்டு நிமிஷ வேலை. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்க்க இன்னொரு நிமிஷம். கடைக்காரர் இதைச் செய்யாமல் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனால், "முதலில் ஆட்டிப் பாருங்கள் அண்ணாச்சி" என்று நீங்களே சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுங்கள், அப்புறம் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் கொடுத்த பணம் தண்டம்.

வேலை முடிந்தபின் டை ராடு லாக் நட்டை இறுக்கினார்களா என்றும் பாருங்கள். அதோடு, ராடைத் திருப்பும்போது ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறையான பெல்லோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதை விடுவித்து நேராக்காமல் விட்டால் சீக்கிரம் கிழிந்து தூசி உள்ளே போகும். ரேக்கை மாற்றும் செலவு சின்னதில்லை.

என் டயரைப் பார்த்து நானே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கண்ணை விட உள்ளங்கை நன்றாகச் சொல்லும். வண்டி நிற்கும்போது முன் டயரின் மேல் கையை வைத்து, வெளி ஓரத்தில் இருந்து உள் ஓரத்துக்குக் குறுக்காகத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி நீட்டியிருக்கலாம், மெதுவாக. உள்ளே போகும்போது வழவழப்பாகவும் வெளியே வரும்போது அரம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ உள்பக்கம் அதிகம். மாறியிருந்தால் வெளிப்பக்கம் அதிகம். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் டயரில்கூட இந்தச் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய ஆள். சக்கரத்தைத் தூக்கிச் சுண்ணக்கட்டி தேய்த்து, ஆணியால் நடுக்கோடு கீறி, முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்து டோ வைப்பார். அந்த டேப்பை எடுப்பதற்கு முன்னால் அவர் கை டயரைத் தடவிவிட்டிருக்கும்.

டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் கேம்பர் அல்லது டோ. சுற்றிலும் குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும், அல்லது வெகுநாள் பேலன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கும். வண்டியின் ஒரு மூலையை அமுக்கிவிட்டுப் பாருங்கள். எழுந்து ஒரு தடவையில் அடங்க வேண்டும். தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றும் நேரம்.

டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ட்ரெட் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. அதற்குமேல் எந்த அலைன்மென்ட்டும் உதவாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஒருதடவை என்பது பொதுக்கணக்கு. நாற்கரச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு 10,000 போதும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் குவாரி லாரிகள் ஓடிக் குழியான சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் 5,000-த்திலேயே வாருங்கள். கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் உடனே வர வேண்டிய சமயங்களும் உண்டு. மழையில் தெரியாமல் பெரிய குழியில் 'டங்' என்று விழுந்தால், ஓரத்துக் கல்லில் சக்கரம் மோதினால், சஸ்பென்ஷன் பாகம் ஏதாவது மாற்றினால், மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை மலைச்சாலையில் ஏறி இறங்கி வந்தால்.

அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. வண்டி நேராகத்தான் போகிறது.

மொத்த டோ சரி, அதை இரண்டு பக்கமும் பகிர்ந்தது சரியில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு டை ராடை நீட்டி, மற்றதை அதே அளவு குறைத்தால் நேராகிவிடும். திரும்பக் கொண்டுபோய் விடுங்கள், காசு கேட்கக்கூடாது. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள்தான் ஏர்பேக் இருக்கிறது. புதிய கார்களில் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் கோணத்தைக் காட்டும் சென்சாரை ஸ்கேனர் வைத்துச் சரிசெய்யவும் வேண்டியிருக்கும்.

புது டயர் போட்டால் இரண்டும் செய்ய வேண்டுமா? இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால் முன்னால் போடவா, பின்னால் போடவா?

பேலன்சிங் கட்டாயம். டயர் ரிம்மை விட்டுக் கழன்று ஏறினாலே செய்துவிடுங்கள். பழைய டயர் ஒழுங்காகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டைச் சரிபார்த்தால் போதும். கோணலாகத் தேய்ந்த டயரை மாற்றுகிறீர்கள் என்றால் அலைன்மென்ட் செய்யாமல் புது டயரில் ஓட்டாதீர்கள். பழையதைத் தின்ற அதே கோணல் புதியதையும் தின்றுவிடும்.

இரண்டு டயர்தான் என்றால் புதியது பின்னால். பலர் முன்னால்தான் போடச் சொல்வார்கள், ஸ்டீயரிங் அங்கேதானே என்று. ஈரச்சாலையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. எவ்வளவு வாக்குவாதம் வந்தாலும் நான் பின்னால்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

நைட்ரஜன் நிரப்பினால் நல்லதா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கிடைத்தால் நிரப்புங்கள், கெடுதல் இல்லை. அதை நிரப்பிவிட்டோம் என்று மூன்று மாதம் காற்றே பார்க்காமல் விடுவதுதான் கெடுதல். எந்தக் காற்றாக இருந்தாலும் காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். சித்திரை வெயிலில் ஓடிவந்த டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். சரியான அளவு டிரைவர் கதவுப் பக்கத்துச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. சக்கரப் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு இதைக் கேட்காத ஆள் இல்லை. தாமிரபரணி ஊருக்குள் வந்து, தெருவில் நின்ற கார்கள் எல்லாம் மூழ்கின. என்ஜினையும் சீட்டையும் எல்லோரும் பார்த்தார்கள். வீல் பேரிங்கை யாரும் பார்க்கவில்லை. சேறு கலந்த தண்ணீர் பேரிங்குக்குள் போனால் உடனே தெரியாது. சில மாதம் கழித்து முனகல் ஆரம்பிக்கும், பிறகு ஆட்டம். பால் ஜாயின்ட், டை ராடு எண்டில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அங்கேயும் இதே கதைதான். வண்டி மூழ்கியிருந்தால் நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிச் சத்தம் கேளுங்கள்.

குட்டி யானை, லாரிக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் பார்க்கும் இடம் வேறு. முன்னால் நேர் ஆக்சில் உள்ள வண்டியில் திருப்ப முடிவது டோ மட்டும். அங்கே ஆட்டம் வருவது, சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில். களக்காட்டில் இருந்து வாழைத்தார் ஏற்றிவரும் வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை பின்னால்தான் இருக்கும். ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து பின் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும். முன்னால் எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் தீராது. இதற்கு மெஷினே வேண்டாம். முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவில் இருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கு டேப் பிடித்து இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் முதலில் பட்டை மெக்கானிக்கிடம் போங்கள்.

பைக்குக்கு அலைன்மென்ட் உண்டா?

உண்டு, அது பின் சக்கரத்தில். செயினை இறுக்கும்போது ஒரு பக்க நட்டை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் திருப்பிவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருப்பார்கள், இரண்டிலும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். கோடு துருப்பிடித்து அழிந்திருந்தால் ஒரு நீளமான நூலைப் பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல முன் சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சரி. கம்பி போட்ட ரிம் என்றால் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, போர்க்கில் ஒரு விரலை ஊன்றி ரிம்மை ஒட்டிப் பிடியுங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு இடத்தில் விரலைத் தொட்டுத் தொட்டுப் போனால் அங்கே கோட்டம் இருக்கிறது. கம்பி இறுக்குகிறவரிடம் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார்.